எலைஜா ஹார்ப்பர் சொன்ன 'இல்லை': மனிடோபா சட்டமன்றம், ஜூன் 1990

1990 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை. கனடாவின் மனிடோபா மாகாணச் சட்டமன்றத்தில் முதல்வர் கேரி ஃபில்மன் எழுந்தார். கியூபெக் மாகாணத்தைச் சமாதானப்படுத்த எழுதப்பட்ட, மீச் லேக் உடன்பாடு எனப்பட்ட அரசியல் சாசனத் திருத்தத்துக்கான தீர்மானத்தை, முன்னறிவிப்புக் காலம் முடியும்வரை காத்திராமல் உடனே எடுத்துக்கொள்ள அவையின் ஒப்புதலைக் கேட்டார். மூன்று கட்சித் தலைவர்களும் ஏற்கெனவே உடன்பட்டிருந்தார்கள். 57 பேர் கொண்ட அவையில் ஒருவர் மட்டும் "இல்லை, சபாநாயகர் அவர்களே" என்றார். அவர் வடகிழக்கு மனிடோபாவின் ருபர்ட்ஸ்லாந்து தொகுதி உறுப்பினர் எலைஜா ஹார்ப்பர். அடுத்த பத்து நாட்களில் ஒப்புதல் கேட்கப்பட்ட போதெல்லாம் அவர் அதே பதிலைச் சொன்னார். ஜூன் 23 அன்று கெடு முடிந்தது. மூன்றாண்டு காலம் நாட்டையே பிடித்து வைத்திருந்த உடன்பாடு காலாவதியானது.

கையில் கழுகு இறகோடு உட்கார்ந்திருக்கும் ஹார்ப்பரின் புகைப்படத்தோடுதான் இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஒற்றை மனிதனின் துணிச்சல் என்று அதற்குத் தலைப்பும் வைத்துவிடுகிறார்கள். துணிச்சல் இருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் சிறிய கட்சியின் பின்வரிசையில் இருக்கும் ஒருவர் வெறும் துணிச்சலை வைத்துப் பத்து மாகாண முதல்வர்களும் ஒரு பிரதமரும் கையெழுத்திட்ட ஆவணத்தை நிறுத்திவிட முடியாது. அவையின் விதிப் புத்தகம், ஒரு தேதி, அந்தப் புத்தகத்தை வரிவரியாகத் தெரிந்த ஓர் ஆள், பின்னால் அமைப்பாகத் திரண்டு நின்ற பூர்வகுடித் தலைவர்கள் ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சேர்ந்தன. அவை எப்படிச் சேர்ந்தன, அந்த 'இல்லை' எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதே இந்த ஆய்வு.

தொகுதி

ருபர்ட்ஸ்லாந்து என்ற பெயரே ஒரு வரலாறு. 1670-இல் இங்கிலாந்து அரசர் ஹட்சன் பே கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த நிலப்பரப்பின் பெயர் அது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 3,00,000 பவுண்டுக்கு அது கனடாவுக்குக் கைமாறியது. அங்கே வாழ்ந்துகொண்டிருந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1990-இல் வடக்கே எழுந்த கோபத்துக்கு இந்தப் பழைய கணக்கும் ஒரு காரணம்.

ஹார்ப்பர் 1949 மார்ச் 3 அன்று ரெட் சக்கர் லேக் என்ற ஊரில் பிறந்தார். வின்னிபெக்கிலிருந்து வடகிழக்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால், ஐலண்ட் லேக் பகுதியில் இருக்கும் ஓஜி-கிரீ மக்களின் ஊர் அது. கார்டன் ஹில், செயின்ட் தெரசா பாயிண்ட், வாசகாமக் ஆகியவை அதன் அக்கம்பக்கத்து ஊர்கள். ஆண்டு முழுவதும் போகக்கூடிய சாலை நான்கு ஊர்களில் எதற்கும் கிடையாது. ஆள் போக வேண்டும் என்றால் விமானம். பாரமான பொருள் போக வேண்டும் என்றால் ஏரிகளும் சதுப்புகளும் உறைந்த பிறகு போடப்படும் பனிச்சாலை. அது பெரும்பாலும் ஜனவரி நடுவில் திறந்து மார்ச்சில் மூடிவிடும். ஓர் ஆண்டுக்கான டீசல், சிமெண்ட், மரம், வண்டிகள் எல்லாம் இந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் உள்ளே போய்ச் சேர வேண்டும். குளிர் தாமதித்தாலோ வெயில் முந்திக்கொண்டாலோ லாரிகள் பாதியில் நின்றுவிடும். மிச்சம் விமானத்தில்தான் வர வேண்டும். அப்போது ஒரு வீடு கட்டும் செலவு எங்கோ போய்விடும்.

இப்படிப்பட்ட தொகுதிக்கு எம்.எல்.ஏ.வாக இருப்பதில் முதல் சிக்கல் தூரம் என்று தோன்றும். உண்மையான சிக்கல் அதிகார எல்லை. ரிசர்வுக்குள், அதாவது பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்குள், வீடு, குடிநீர், பள்ளி ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. அதன் நிர்வாகம் தலைநகர் ஒட்டாவாவுக்கும் ஊரின் குடித்தலைவர், மன்றம் ஆகியோருக்கும் இடையே நடக்கும். மாகாண உறுப்பினர் அதில் கை வைக்க முடியாது. அவர் கைக்கு எட்டுவது பனிச்சாலை, விமானத்தளம், மின்சாரம், காடு, மீன்பிடிப்பு, வேட்டை உரிமங்கள், ரிசர்வுக்கு வெளியே உள்ள சிற்றூர்கள், நீதிமன்றம், குழந்தைகள் நலம் போன்றவை. குழாயில் தண்ணீர் வராதவர் எம்.எல்.ஏ.விடம்தான் வந்து சொல்வார். எம்.எல்.ஏ. அதற்கு அமைச்சரிடம் போனால் அது மத்திய அரசின் விஷயம் என்பார். ஒட்டாவாவுக்கு எழுதினால் மாகாணத்தோடு பேசித்தான் செய்ய வேண்டும் என்று பதில் வரும். வடக்குத் தொகுதிகளில் முதல் முறை வெல்கிறவர்கள் ஓரிரு ஆண்டுகளை இந்த அலைச்சலிலேயே இழந்துவிடுவார்கள்.

ஹார்ப்பருக்கு அந்த இழப்பு குறைவு. ஏனென்றால் அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தவர். 1978-இல், 29 வயதில், ரெட் சக்கர் லேக்கின் குடித்தலைவரானார். எந்தத் துறை எந்தக் கடிதத்துக்குப் பதில் தரும், எதைக் கிடப்பில் போடும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். 1981 தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக வென்று, மனிடோபா சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் உடன்படிக்கைப் பூர்வகுடி (அரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட பூர்வகுடியைச் சேர்ந்தவர்) ஆனார். அந்த மாகாணத்தில் அவர் மக்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1952-இல்தான். நாடாளுமன்ற வாக்குரிமைக்கு 1960 வரை காத்திருந்தார்கள். 1986-இல் முதல்வர் ஹவர்ட் பாவ்லியின் அமைச்சரவையில் பூர்வகுடி விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானார். பிறகு வடக்கு விவகாரத் துறையும் அவரிடம் வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1987-இல் மனிடோபா சார்பில் மீச் லேக் உடன்பாட்டில் கையெழுத்திட்டவர் இதே பாவ்லி. ஹார்ப்பர் அப்போது அவருடைய அமைச்சர். அமைச்சரவைக்குள் இருந்தும் தடுக்க முடியாததை, மூன்றாண்டு கழித்து மூன்றாவது இடத்துக்குச் சரிந்த கட்சியின் பின்வரிசையிலிருந்து தடுத்தார். பதவி உயர்ந்தால் பிடி உயரும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒன்றை நிதானமாக யோசிக்கலாம்.

உடன்பாட்டில் இருந்ததும் விடுபட்டதும்

கனடாவின் 1982 அரசியல் சாசனச் சட்டத்துக்குக் கியூபெக் மாகாணம் ஒப்புதல் தரவில்லை. அதைச் சமாதானப்படுத்தி உள்ளே கொண்டுவர, பிரதமர் பிரையன் மல்ரோனி 1987 ஏப்ரல் 30 அன்று மீச் லேக் மாளிகையில் பத்து மாகாண முதல்வர்களையும் கூட்டினார். இறுதி வாசகம் ஜூன் 3 அன்று முடிவானது. கியூபெக்கைத் தனித்தன்மை கொண்ட சமூகமாக ஏற்பது, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் மூவர் அங்கிருந்து வருவதை உறுதிசெய்வது, குடியேற்றத்தில் மாகாணங்களுக்குப் பங்கு, செனட் நியமனத்தில் மாகாணங்களின் பரிந்துரை, சில முக்கியத் திருத்தங்களுக்கு எல்லா மாகாணங்களின் சம்மதம் ஆகியவை அதன் சாரம்.

பூர்வகுடிகளின் உரிமைகளை இந்த உடன்பாடு பறிக்கவில்லை. தனித்தன்மைப் பிரிவு அவர்களுடைய ஏற்கெனவே உள்ள உரிமைகளைப் பாதிக்காது என்று ஒரு பிரிவும் சேர்க்கப்பட்டிருந்தது. அவர்களுடைய மனக்குறை வேறு. 1983, 1984, 1985, 1987 என நான்கு முறை பிரதமரும் முதல்வர்களும் பூர்வகுடித் தலைவர்களோடு உட்கார்ந்து தன்னாட்சி பற்றிப் பேசினார்கள். கடைசிக் கூட்டம் 1987 மார்ச்சில் உடன்பாடு இல்லாமல் முடிந்தது. தன்னாட்சி என்றால் என்னவென்று வரையறுக்காமல் எப்படிச் சாசனத்தில் எழுதுவது என்று அங்கே கேட்டார்கள். அடுத்த மாதமே அதே முதல்வர்கள் 'தனித்தன்மை கொண்ட சமூகம்' என்பதை வரையறுக்காமலே சாசனத்தில் எழுத ஒப்புக்கொண்டார்கள். இனி ஆண்டுதோறும் நடக்கும் சாசன மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலில் செனட் சீர்திருத்தமும் மீன்வளமும் இடம்பெற்றன. பூர்வகுடிகள் இடம்பெறவில்லை. இதற்கு மேல், புதிய மாகாணம் உருவாக எல்லா மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும் என்ற பிரிவு யூகானுக்கும் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளுக்கும் கதவைச் சாத்தியது. அங்கே மக்கள்தொகையில் பூர்வகுடிகளின் பங்கு பெரிது.

கனடாவை உருவாக்கியவை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகிய இரு தேசங்கள் என்ற கதையைச் சாசனத்தில் பதித்து முத்திரை குத்துகிறார்கள் என்பதே ஹார்ப்பரின் எதிர்ப்பு. கியூபெக் கேட்பதைக் கேட்கட்டும், ஆனால் எங்களைத் தாண்டிப் போகாதீர்கள் என்பதே அவர் நிலை.

கெடு எப்படி வந்தது

இந்த நிகழ்வில் பலருக்கும் புரியாமல் போவது ஜூன் 23 என்ற தேதிதான். அது அரசியல்வாதிகள் நிர்ணயித்த நாள் அல்ல. 1982 சட்டத்தின் பொதுத் திருத்த முறையில் பாராளுமன்றமும் குறைந்தது ஏழு மாகாணங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வேலை முடிய வேண்டும். உச்ச நீதிமன்ற அமைப்பு, திருத்த முறை போன்ற சிலவற்றுக்கு எல்லா மாகாணங்களும் வேண்டும். ஆனால் அதற்குக் கால வரம்பு கிடையாது. மீச் லேக் உடன்பாட்டில் இரண்டு வகையும் கலந்திருந்தன. அதை உடைக்காமல் ஒரே கட்டாக நிறைவேற்ற வேண்டும் என்று முடிவு செய்ததால் இரண்டு நிபந்தனைகளில் கடுமையானது எதுவோ அது மொத்தத்துக்கும் பொருந்தியது. அதாவது பத்து மாகாணமும் வேண்டும், மூன்றாண்டுக்குள்ளும் வேண்டும். கியூபெக் சட்டமன்றம் 1987 ஜூன் 23 அன்று முதலாவதாக நிறைவேற்றியது. கடிகாரம் அன்றைக்கு ஓடத் தொடங்கியது.

மனிடோபா ஏன் கடைசி வாரம்வரை இழுத்தது? 1988 மார்ச்சில் பாவ்லி அரசு தன் கட்சி உறுப்பினர் ஒருவரின் வாக்காலேயே பட்ஜெட்டில் தோற்றது. ஏப்ரல் தேர்தலில் ஃபில்மனின் முற்போக்குப் பழமைவாதிகள் 25, ஷேரன் கார்ஸ்டேர்ஸின் லிபரல்கள் 20, கேரி டூவர் தலைமையில் புதிய ஜனநாயகக் கட்சி 12 என்று வந்து, சிறுபான்மை அரசு அமைந்தது. 1988 டிசம்பரில் ஃபில்மன் தீர்மானத்தை அவையில் வைத்தார். இரண்டு நாளில் கியூபெக் முதல்வர் ரொபேர் பூராசா, கடைகளுக்கு வெளியே பிரெஞ்சுப் பலகை மட்டுமே என்ற சட்டத்தைச் சாசன உரிமைகளை மீறியும் சட்டம் இயற்ற இடம் தரும் விலக்குப் பிரிவைப் பயன்படுத்திக் கொண்டுவருவதாக அறிவித்தார். மனிடோபாவில் கொதிப்பு எழுந்தது. ஃபில்மன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார். 1990 ஏப்ரலில், கிளைட் வெல்ஸ் முதல்வராக இருந்த நியூஃபவுண்ட்லாந்து மாகாணம் முன்பு தந்த ஒப்புதலையே ரத்து செய்தது.

ஜூன் 3 முதல் ஒரு வாரம் ஒட்டாவாவில் கதவடைத்துப் பேச்சு நடந்தது. மனிடோபாவின் மூன்று தலைவர்களும் அங்கே இருந்தார்கள். ஜூன் 9, சனிக்கிழமை இரவு, அரை மனதோடு கையெழுத்தானது. மிச்சம் இருந்தது இரண்டே வாரம்.

பத்து நாள்

மனிடோபா அவை விதிகளின்படி இந்தத் தீர்மானம் போக வேண்டிய பாதை இது: முதலில் இரண்டு நாள் முன்னறிவிப்பு. பிறகு தீர்மானத்தை முன்வைத்து விவாதம். அடுத்து குழு முன் பொதுமக்கள் கருத்துக்கேட்பு. சாசனத் திருத்தத்துக்கு அது கட்டாயம். அதற்குப் பின் மீண்டும் அவைக்கு வந்து வாக்கெடுப்பு. இதில் எந்தப் படியையும் தாண்டிப் போகலாம், சுருக்கவும் செய்யலாம். ஆனால் அதற்கு அவையின் ஒருமனதான ஒப்புதல் வேண்டும். சபாநாயகர் "ஒப்புதல் உண்டா" என்று கேட்கும்போது ஓர் உறுப்பினர் 'இல்லை' என்றால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து பேச வேண்டியதில்லை. வாக்கெடுப்பும் இல்லை.

ஃபில்மன் தரப்பின் கணக்கு முழுவதும் அந்த ஒப்புதல் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் நின்றது. தலைவர்கள் மூவரும் சேர்ந்தால் அவையும் சேரும் என்று நினைத்தார்கள். ஹார்ப்பர் தன் பக்கம் கோர்டன் மெக்கின்டாஷை வைத்திருந்தார். முன்பு இதே சட்டமன்றத்தின் துணைச் செயலராக இருந்தவர், வழக்கறிஞர். பின்னாளில் மாகாணத்தின் சட்ட அமைச்சரானவர். எந்த இடத்தில் ஒப்புதல் தேவைப்படும், எந்த இடத்தில் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம் என்பதை அவர் முன்கூட்டியே குறித்துத் தந்தார்.

ஜூன் 12-இல் முதல் 'இல்லை'. அடுத்தடுத்த நாட்களிலும் அதுவே. பிறகு, முன்னறிவிப்பு முறைப்படி தரப்படவில்லை என்று ஹார்ப்பர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். சபாநாயகர் டெனிஸ் ரோக்கன் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். ஆனாலும் விதியைப் பார்த்து ஹார்ப்பர் சொல்வது சரி என்றே தீர்ப்பளித்தார். அரசு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. தீர்மானம் அவையில் முன்வைக்கப்பட்டபோது ஜூன் 20, புதன்கிழமை ஆகியிருந்தது. ரோக்கனின் அந்தத் தீர்ப்பு கிடைக்க வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பது எங்கள் எண்ணம். தன் முதல்வரும் நாட்டின் பிரதமரும் அவசரப்படும் நேரத்தில் விதியை விதியாகவே படித்துச் சொன்னவர் அவர். அவர் வளைந்திருந்தால் ஹார்ப்பரின் எதிர்ப்பு முதல் வாரத்திலேயே விவாதமாக மாறிக் கரைந்திருக்கும்.

இந்த நாட்களில் ஹார்ப்பர் செய்ய வேண்டியிருந்த வேலை, பார்க்க மிகச் சிறியது. அவை கூடும் நேரத்திலிருந்து கலையும் நேரம்வரை தன் இருக்கையில் இருக்க வேண்டும். எந்த நிமிடத்திலும் ஒப்புதல் கேட்கப்படலாம். அந்த நிமிடம் அவர் வராந்தாவில் நிருபர்களிடம் பேசிக்கொண்டிருந்தால் காரியம் கெட்டது. வேறு யாரையும் நம்பியிருக்க முடியாது. குரல் சபாநாயகர் காதில் விழும்படி, பதிவாகும்படி வர வேண்டும். ஹார்ப்பர் மெதுவாகப் பேசுகிறவர். இந்தச் சொல்லை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

வெளியே, மனிடோபா குடித்தலைவர்கள் மன்றத்தின் தலைவர் ஃபில் ஃபோன்டேனும், முதல் தேசங்கள் மன்றத்தின் மனிடோபா துணைத்தலைவரும் வழக்கறிஞருமான ஓவிட் மெர்க்ரெடியும் தலைவர்களை வின்னிபெக்கில் கூட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் அவைக்குள் என்ன செய்வது என்பது அங்கே பேசி முடிவானது. தேசியத் தலைவர் ஜார்ஜ் எராஸ்மஸும் வந்து நின்றார். ஜூன் 18, திங்கட்கிழமை, மல்ரோனியின் ஆறு அம்சத் திட்டத்தோடு செனட்டர் லோவெல் மரே வின்னிபெக்குக்கு வந்தார். பூர்வகுடிகள் பற்றி அரச ஆணையம், சாசன மாநாட்டுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிப்பதில் பங்கு போன்றவை அதில் இருந்தன. ஓராண்டு முன்னால் வந்திருந்தால் அது பெரிய விஷயம். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் வந்ததால் அது விலை பேசுவதாகவே தெரிந்தது. தலைவர்கள் மறுத்துவிட்டார்கள். இங்கேதான் ஹார்ப்பர் தனி ஆள் இல்லை என்பது தெளிவாகிறது. அவரை அழைத்து, பதவியைக் காட்டியோ பயத்தைக் காட்டியோ முடிவை மாற்ற வைக்க வழியே இல்லை. ஏனென்றால் முடிவு அவரிடம் மட்டும் இல்லை.

ஜூன் 22, வெள்ளி. வெள்ளிக்கிழமை அமர்வு பகல் 12.30-க்கு முடிந்துவிடும். நேரத்தை நீட்டிக்க ஃபில்மன் ஒப்புதல் கேட்டார். கடைசி 'இல்லை'. அவை கலைந்தது. மறுநாள் சனிக்கிழமை, கெடு நாள். அதே வெள்ளியன்று நியூஃபவுண்ட்லாந்தில் வெல்ஸும் வாக்கெடுப்பு நடத்தாமலே அவையை ஒத்திவைத்தார்.

ஒப்புதல் கிடைத்திருந்தால்?

முன்னறிவிப்பு விஷயத்தில் மட்டும் ஹார்ப்பர் ஒப்புக்கொண்டிருந்தால் தீர்மானம் நிறைவேறியிருக்குமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருத்துக்கேட்பில் பேச 3,500-க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 583 மணி நேரம். நாளுக்குப் பத்து மணி நேரம் குழு உட்கார்ந்தால் 58 நாள். ஐந்து நிமிடமாகக் குறைத்து, இரவும் பகலும் நிறுத்தாமல் கேட்டாலும் 12 நாள் ஆகும். விவாதம் தனி. 57 உறுப்பினர்களும் ஆளுக்கு 20 நிமிடம் பேசினால் 19 மணி நேரம். ஆக, முதல் கதவு திறந்திருந்தாலும் கருத்துக்கேட்பு என்ற இரண்டாவது கதவைச் சுருக்க மறுபடியும் ஒருமனதான ஒப்புதல் வேண்டும். அங்கும் ஹார்ப்பர் இருப்பார். அந்தப் பெயர்ப் பட்டியலைப் பெரிதாக்கியதுதான் வடக்கின் ஊர்களும் வின்னிபெக்கில் இருந்த அவர்களுடைய உறவினர்களும் செய்த வேலை. அதற்கு எம்.எல்.ஏ. பதவி தேவையில்லை, பெயரைப் பதிவு செய்தால் போதும்.

விதிகளைப் பெரும்பான்மை வாக்கால் ஒதுக்கி வைக்கும் வழியை ஃபில்மன் தேடவில்லை. அதற்குப் பின்னணி உண்டு. 1984 பிப்ரவரியில், பிரெஞ்சு மொழி உரிமைகளுக்கான சாசனத் திருத்தத்தைப் பாவ்லி அரசு கொண்டுவந்தபோது, எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் இதே ஃபில்மன். வாக்களிக்க உறுப்பினர்களை அழைக்கும் மணி அடித்தது. அவர் கட்சியினர் உள்ளே வரவில்லை. பத்து நாளுக்கும் மேலாக மணி அடித்துக்கொண்டே இருந்தது, வாக்கெடுப்பு நடக்கவில்லை. கடைசியில் அரசு கூட்டத்தொடரையே முடித்துக்கொண்டது, திருத்தம் செத்தது. ஹார்ப்பர் அப்போது ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர். அவை விதி ஒரு சாசனத் திருத்தத்தை எப்படிக் கொல்லும் என்ற பாடம் அந்த அவையில் எல்லோருக்கும் ஏற்கெனவே நடந்திருந்தது.

ஒட்டாவா எங்கே சறுக்கியது

மூன்று இடங்களைச் சொல்லலாம். முதலாவது, நேரம். கடைசி நிமிட நெருக்கடி முதல்வர்களைப் பணிய வைக்கும் என்று மல்ரோனி திட்டமிட்டுக் கூட்டத்தைத் தள்ளிப்போட்டார். பகடையை உருட்டும் நாளை ஒரு மாதம் முன்பே குறித்து வைத்திருந்ததாக அவரே பேட்டியில் சொன்னது, ஹார்ப்பர் முதல் முறை மறுத்த அதே ஜூன் 12 அன்று அச்சில் வந்தது. முதல்வர்களை நெருக்க உதவிய அந்தக் குறுகிய காலமே அவை விதிகளுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. ஓராண்டு இருந்திருந்தால் ஹார்ப்பரின் 'இல்லை' இரண்டு நாள் தாமதம் மட்டுமே, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இரண்டாவது, முதல்வர் கையெழுத்திட்டால் மாகாணம் கையெழுத்திட்டதாகும் என்ற எண்ணம். சாசனச் சட்டம் கேட்பது சட்டமன்றத்தின் தீர்மானத்தை. அந்தந்த அவையின் விதிப் புத்தகத்தை ஒட்டாவாவில் யாராவது ஏப்ரலிலேயே வாங்கிப் படித்திருந்தால் மனிடோபாவின் கருத்துக்கேட்பு விதி அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாவது சறுக்கலைக் கடைசி நாளில் செய்தார்கள். நியூஃபவுண்ட்லாந்து நிறைவேற்றிவிட்டால் கெடுவை நீட்டிக்க உச்ச நீதிமன்றத்தை அணுகுவோம், இரண்டாவதாக நிறைவேற்றிய சஸ்காட்செவனின் 1987 செப்டம்பர் 23 தேதியிலிருந்து மூன்றாண்டை எண்ணலாம் என்று மரே அறிவித்தார். கெடுவை மாற்றவே முடியாது என்று அதுவரை அழுத்தம் கொடுத்தவர்கள், மனிடோபாவுக்காக மாற்றலாம் என்கிறார்கள் என்றதும் வெல்ஸுக்குக் கோபம் வந்தது. மிச்சமிருந்த ஒரே வழியும் அடைபட்டது.

'இல்லை'யால் ஆகாதவை

மறுப்பு நிறுத்தும். கட்டித் தராது. ஹார்ப்பரின் வெற்றியைக் கொண்டாடும் எழுத்துகளில் இந்தப் பகுதி மெலிந்திருக்கும். 1990 ஜூன் 24 அன்று ரெட் சக்கர் லேக்கில் எதுவும் மாறிவிடவில்லை. அதே டீசல் ஜெனரேட்டர், அதே பனிச்சாலை. ஐலண்ட் லேக் பகுதி ஊர்கள் உட்பட ஏழு ஊர்களுக்கு மின்கம்பி போய்ச் சேர்ந்தது 1990-களின் பிற்பகுதியில்தான். அது மத்திய அரசு, மாகாண அரசு, மின்வாரியம் மூன்றும் பணம் போட்டு, ஆண்டுக்கணக்கில் பேசி நடந்த வேலை.

மறைமுகமான பலன் இருந்தது. பூர்வகுடிகள் இல்லாமல் சாசனப் பேச்சு நடத்த முடியாது என்பது 1990-க்குப் பிறகு எழுதாத விதியானது. 1992-இன் ஷார்லட்டவுன் உடன்பாட்டுப் பேச்சில் அவர்களுடைய நான்கு தேசிய அமைப்புகளும் மேசையில் இருந்தன. தன்னாட்சி அவர்களுக்கு இயல்பாகவே உள்ள உரிமை என்ற வாசகம் அதில் இடம்பெற்றது. அக்டோபர் 26 பொதுவாக்கெடுப்பில் அதுவும் தோற்றது. கியூபெக்கில் மீச் லேக் தோல்வி அவமானமாகப் பதிந்தது. 1995 பொதுவாக்கெடுப்பில் பிரிவினை ஒரு சதவீதத்துக்கும் சற்றே கூடுதலான வித்தியாசத்தில்தான் தோற்றது. இதற்கான பழியை ஹார்ப்பர் மீது போடுகிறவர்கள் உண்டு. மூன்றாண்டு அவகாசத்தில் கடைசிப் பன்னிரண்டு நாளை மட்டுமே பார்த்தால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஹார்ப்பர் 1992 நவம்பரில் சட்டமன்றப் பதவியிலிருந்து விலகினார். 1993-இல் லிபரல் வேட்பாளராக சர்ச்சில் தொகுதியில், 1979 முதல் அங்கே உறுப்பினராக இருந்த ராட் மர்ஃபியைத் தோற்கடித்து நாடாளுமன்றம் போனார். வடக்கு மனிடோபா முழுவதையும் அடக்கிய தொகுதி அது. ரிசர்வுகளுக்குப் பொறுப்பான அரசே அவருடைய கட்சியின் அரசு. வெளியிலிருந்து பார்த்தால் முன்னைவிட நல்ல இடம். ஆனால் 295 பேர் கொண்ட அவையில் லிபரல்கள் 177 பேர். கெடு எதுவும் இல்லை. ஒருமனதான ஒப்புதலை நம்பி நிற்கும் பெரிய மசோதாவும் இல்லை. ஆளுங்கட்சிப் பின்வரிசை உறுப்பினர் ஒருவர் எதிர்த்து வாக்களித்தாலும் எண்ணிக்கை அசையாது, அவருக்குக் கட்சிக்குள் இருக்கும் இடம்தான் சுருங்கும். 1995-இல் ஹல் நகரில் பூர்வகுடிகளையும் பல சமயத்தவரையும் ஒன்றுகூட்டிய மாநாடு அந்தக் காலத்தில் அவர் செய்த முக்கியமான வேலை. அது நாடாளுமன்றத்துக்கு வெளியே நடந்தது. 1997 தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் பெவ் டெஜார்லேயிடம் தோற்றார். ருபர்ட்ஸ்லாந்தில் அவருக்குப் பின் 1993 இடைத்தேர்தலில் வென்ற எரிக் ராபின்சன் 2016 வரை அந்த இடத்தில் இருந்தார். அதில் பல ஆண்டுகள் அமைச்சராக இருந்து, சாலைக்கும் குழந்தைகள் நலத்துக்குமான வேலையைக் கோப்பு கோப்பாக நகர்த்தினார்.